நடையைப் பார்த்தே உடம்பைப் படிக்கலாம்... உங்க போன் ஏற்கெனவே படிச்சிட்டிருக்கு!

ரயில் வந்து நிற்கிறது. பிளாட்பாரம் முழுக்கத் தலைகள். முகம் எதுவும் சரியாகத் தெரியாத தூரத்திலிருந்தே, 'அதோ, அப்பா வர்றாரு' என்று சொல்லிவிடுகிறோம். சட்டை நிறம் தெரியவில்லை, போட்டிருக்கும் கண்ணாடி தெரியவில்லை. தெரிந்தது நடை மட்டும்தான்.

இது வெறும் பாசத்தால் வருகிற திறமை இல்லை. 1973-ல் ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் யோஹான்சன் ஒரு சோதனை செய்தார். ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படம்பிடித்தார். அசையாமல் இருந்தபோது திரையில் தெரிந்தது அர்த்தமில்லாத சில புள்ளிகள். அவை நகரத் தொடங்கியதுமே, பார்த்தவர்கள் 'ஓர் ஆள் நடக்கிறார்' என்று சொல்லிவிட்டார்கள். 1977-ல் அமெரிக்காவில் இதே முறையில் நண்பர்களைப் படம்பிடித்துப் போட்டுக்காட்டியபோது, 'இது இன்னார்' என்று அடையாளம் காணவும் முடிந்தது. எப்போதும் சரியாக இல்லை. ஆனால், குத்துமதிப்பாகச் சொல்வதைவிடத் தெளிவாக அதிகம்.

ஆக, ஒருத்தரோட நடையில் நிறைய தகவல் இருக்கு. ஏன் என்றால், நடப்பது கால் மட்டும் செய்கிற வேலை இல்லை. மூளை உத்தரவு போட வேண்டும். தண்டுவடமும் நரம்புகளும் அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். தசை இழுக்க வேண்டும், மூட்டு மடங்க வேண்டும். கண்ணும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் 'சாயாதே' என்று எச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் செலவுக்குப் படியளக்க வேண்டும். இதில் எது சுணங்கினாலும் அது நடையில் வந்து நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாற்றம் பெரும்பாலும் மெதுவாக வரும். தினமும் கூடவே இருக்கும் நமக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வரும் சித்தப்பாதான், 'என்னடா, உங்க அம்மா இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறாங்க?' என்று கேட்பார். கண் தவறவிடும் இந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் நடையை அளக்கிறார்கள். அதை எப்படி அளக்கிறார்கள், நாம் எப்படி அளக்கலாம் என்று பார்ப்போம்.

ஒரு சுற்றுக்குள் என்னென்ன நடக்குது?

உங்கள் வலது குதிகால் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வலது குதிகால் மறுபடி தரையைத் தொடும்வரை நடப்பதுதான் ஒரு முழு நடைச் சுழற்சி. சாதாரண நடையில் இதற்கு ஏறத்தாழ 1 நொடி ஆகும்.

இந்த 1 நொடியில் சுமார் 60 சதவிகித நேரம் வலது கால் தரையில் ஊன்றியிருக்கும். மீதி 40 சதவிகித நேரம் காற்றில் முன்னோக்கி வீசப்படும். இடது காலுக்கும் இதே கணக்குதான்.

இப்போது ஒரு சின்ன கூட்டல். வலது கால் காற்றில் இருக்கும் 40 சதவிகிதம், இடது கால் காற்றில் இருக்கும் 40 சதவிகிதம், மொத்தம் 80. மீதி 20 சதவிகிதம் எங்கே போனது? அந்த நேரத்தில் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் இருக்கின்றன. பின்னால் இருக்கும் கால் கிளம்பும் முன்பே, முன்னால் போன கால் இறங்கிவிடுகிறது. இதைத்தான் 'டபுள் சப்போர்ட்' என்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். ஓடும்போது இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரமே கிடையாது. அதற்குப் பதிலாக, இரண்டு கால்களும் காற்றில் இருக்கும் நேரம் வந்துவிடும். நடைப்பந்தயத்தில் வீரர்களை நடுவர்கள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். இரண்டு கால்களும் தரையை விட்டு எழுந்தது கண்ணுக்குத் தெரிந்தால் எச்சரிக்கைதான்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். காலை முன்னோக்கி வீசும்போது, நடுவழியில் கட்டைவிரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி வெறும் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு எட்டிலும் அவ்வளவு நெருக்கத்தில் தரையை உரசாமல் கடந்து போகிறோம். பாதத்தை மேலே தூக்கிப் பிடிக்கும் தசை, கீழ்க்காலின் முன்பக்கம் இருக்கிறது. அது கொஞ்சம் களைத்தாலே போதும், சமதரையில்கூடத் தடுக்கும். வயதானவர்களுக்கு மிதியடி ஓரமும், கதவு நிலையும் ஆபத்தாக மாறுவதற்கு ஒரு காரணம் இந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான்.

பெண்டுலத்தைத் தலைகீழாப் புடிங்க!

நடப்பது என்பது ஒருவகையில் விழுவதுதான். முன்பக்கம் சாய்கிறோம், விழப்போகிறோம், அதற்குள் ஒரு கால் வந்து தாங்கிக்கொள்கிறது. மறுபடி சாய்கிறோம், மறு கால் வருகிறது.

சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலத்தைத் தலைகீழாகக் கற்பனை செய்துபாருங்கள். பாதம்தான் அதன் அச்சு. உடம்பு மேலே இருக்கும் குண்டு. ஊன்றிய காலின் மேல் உடம்பு ஏறி, உச்சிக்கு வந்து, மறுபக்கம் இறங்குகிறது. ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். இறங்கும்போது அந்த உயரம் மறுபடி வேகமாக மாறும். மேட்டில் ஏறி இறங்கும் சைக்கிள் மாதிரி. இப்படி ஒரு எட்டின் ஆற்றலில் பெரும்பகுதி அடுத்த எட்டுக்கு மிச்சமாவதால்தான், களைப்பில்லாமல் கிலோமீட்டர் கணக்கில் நடக்க முடிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் உடம்பு சுமார் 4, 5 சென்டிமீட்டர் மேலும் கீழும் போகிறது.

இந்தப் பெண்டுலத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது நடையைவிட ஓட்டமே லாபம் என்று உடம்பு முடிவு செய்துவிடும். டிரெட்மில்லில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், யாரும் சொல்லாமலே ஒரு கட்டத்தில் ஓட ஆரம்பிப்பது இதனால்தான்.

அப்புறம், கை ஏன் ஆடுகிறது? வலது கால் முன்னே போகும்போது இடுப்பு இடப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். இடது கை முன்னே வந்து அந்தத் திருகலைச் சமன் செய்கிறது. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு வேகமாக நடந்துபாருங்கள், உடனே புரியும்.

அளக்க வேண்டியது இந்த அஞ்சுதான்

நடையை அளக்க ஏகப்பட்ட எண்கள் இருந்தாலும், அடிப்படை ஐந்துதான்.

ஒன்று, எட்டின் நீளம். ஒரு பாதம் இறங்கிய இடத்துக்கும் மறு பாதம் இறங்கிய இடத்துக்கும் உள்ள தூரம். பெரியவர்களுக்குச் சுமார் 60 முதல் 80 சென்டிமீட்டர். உயரத்தைப் பொறுத்து மாறும்.

இரண்டு, கேடன்ஸ். நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறோம் என்ற எண்ணிக்கை. சாதாரண நடையில் 100 முதல் 120.

மூன்று, வேகம். மேலே சொன்ன இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது. 70 சென்டிமீட்டர் எட்டு, நிமிடத்துக்கு 110 எட்டு என்றால் நிமிடத்துக்கு 77 மீட்டர். நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர். இதுதான் ஆரோக்கியமான பெரியவர்களின் வழக்கமான வேகம்.

நான்கு, டபுள் சப்போர்ட். இரண்டு கால்களும் தரையில் இருக்கும் நேரம் எத்தனை சதவிகிதம்? இது கூடுகிறது என்றால் உடம்பு ஒற்றைக் காலை நம்பத் தயங்குகிறது என்று பொருள். ஈரமான டைல்ஸ் தரையில் எப்படி நடப்போம்? குட்டி எட்டு, மெதுவான வேகம், இரண்டு காலும் அதிக நேரம் தரையில். விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருப்பவர்கள் காய்ந்த தரையிலும் அப்படித்தான் நடப்பார்கள்.

ஐந்து, சமச்சீர். வலதும் இடதும் ஒரே மாதிரி இருக்கிறதா? முழங்கால் வலி இருந்தால் அந்தக் காலில் ஊன்றும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு அவசரமாக மறு காலுக்கு மாறுவோம். அதுதான் நொண்டல்.

கறுப்பு டிரஸ்ஸில் இருந்து கேமரா வரை

நடை ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் இந்த அறிவியல் வளர்ந்ததே கேமராவோடு சேர்ந்துதான். 1880-களில் பிரான்ஸின் எட்டியென் ஜூல் மாரே, ஆட்களுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களில் வெள்ளைக் கோடுகளை ஒட்டி, கறுப்புச் சுவர் முன்னால் நடக்கவைத்தார். ஒரே ஃபிலிம் தகட்டில் அடுத்தடுத்துப் பல படங்கள் பதிவாயின. உடம்பு மறைந்து கோடுகள் மட்டும் விசிறிபோல விரிந்தன.

1891-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரவுனா, ஆட்டோ ஃபிஷர் இருவரும் ஒருபடி மேலே போனார்கள். ஒரு ராணுவ வீரரின் உடம்பில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, ஒரே நேரத்தில் பல கேமராக்களில் படம்பிடித்தார்கள். நடந்தது என்னவோ சில எட்டுகள்தான். கணக்கு முழுக்கக் கையால் போட வேண்டும். முடிவுகள் 1895 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன!

இன்று நடை ஆய்வகத்தில் அதே யோசனைதான், கருவிகள் மட்டும் மாறிவிட்டன. மூட்டுகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் அவற்றைப் பின்தொடரும். நம் ஹீரோக்கள் அனிமேஷன் படத்துக்காக உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு நடிப்பார்களே, அதே மோஷன் கேப்சர்தான்.

தரைக்குள் 'ஃபோர்ஸ் பிளேட்' என்ற தட்டு பதிக்கப்பட்டிருக்கும். பாதம் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று அது சொல்லும். இதன் வரைபடம் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்களோடு இருக்கும். குதிகால் இறங்கி உடம்பைத் தாங்கும்போது ஒன்று, முன்பாதம் உந்தித் தள்ளும்போது இன்னொன்று. அந்த உச்சங்களில் விசை நம் எடையைவிடச் சற்று அதிகம். உடம்பு உச்சியில் மிதந்து கடக்கும் நடுப்பகுதியில் எடையைவிடக் குறைவு. ஓடும்போது இது எடையைப்போல 2, 3 மடங்குவரை போகும்.

தசைகளின் மின்சமிக்ஞையைப் பதிவு செய்யும் ஒட்டுப்பட்டைகளும் உண்டு. எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரியும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு எந்தத் தசையில் அறுவைசிகிச்சை செய்தால் நடை மேம்படும் என்று முடிவெடுக்க டாக்டர்கள் இந்த அளவீடுகளைத்தான் நாடுகிறார்கள். செயற்கைக்கால் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவும், மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு முன்னேற்றம் எப்படி என்று தெரிந்துகொள்ளவும் இதே வழிதான்.

பாக்கெட்டுக்குள்ள ஒரு குட்டி லேப்

அவ்வளவு பெரிய ஆய்வகத்தின் ஒரு துண்டு இப்போது உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. ஸ்மார்ட்போனுக்குள் 'ஆக்ஸிலரோமீட்டர்' என்ற சில்லு உண்டு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் துண்டு, மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்குவதுபோல இருக்கும். போன் குலுங்கும்போது அதுவும் அசையும். அந்த அசைவு மின்சார அளவாக மாறும். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் போகிறது என்று பார்த்தோமே, அந்தத் தாளத்தைத்தான் போன் எண்ணுகிறது. ஸ்டெப் கவுன்ட் வருவது இப்படித்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் 'ஹெல்த்' ஆப்பில் 'மொபிலிட்டி' பகுதியைத் திறந்துபாருங்கள். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், நடை வேகம், எட்டின் நீளம், டபுள் சப்போர்ட் சதவிகிதம், இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் தானாகவே பதிவாகிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள், அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்களில் பொதுவாக ஸ்டெப் எண்ணிக்கையும் தூரமும் வேகமும் கிடைக்கும்.

ஆனால் போன் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. இடுப்பு அருகில் பேன்ட் பாக்கெட்டில் இருந்தால்தான் நடையை ஒழுங்காகப் பிடிக்கும். கையில் பிடித்து ரீல்ஸ் பார்த்தபடி நடந்தால் எண்கள் தடுமாறும். ரொம்ப மெதுவாக, காலைத் தேய்த்து நடப்பவர்களின் எட்டுகளைச் சில நேரம் எண்ணவே எண்ணாது. அதாவது, யாருக்கு இந்தத் தகவல் அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் போன் அதிகம் தப்புச் செய்யும்! அதனால் ஒரு நாளின் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. தினமும் 10,000 ஸ்டெப்ஸ் என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் எண்ணும் கருவியின் பெயர்தான் அது. 'மான்போ-கெய்' என்றால் ஜப்பானிய மொழியில் பத்தாயிரம் அடி மீட்டர். எத்தனை எட்டு என்பதோடு, எப்படிப்பட்ட எட்டு என்பதும் முக்கியம். நிமிடத்துக்கு 100 எட்டு என்பது, பெரியவர்களுக்கு மிதமான உடற்பயிற்சி தொடங்கும் எல்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வேகம் ஏன் இவ்ளோ முக்கியம்?

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் மாதிரி நடை வேகத்தையும் ஓர் அடிப்படை உயிர்க்குறியாகப் பார்க்க வேண்டும் என்று முதியோர் மருத்துவத்தில் சொல்கிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைக் கடந்த 34,485 பேரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நடை வேகம் கூடக்கூட, அடுத்து வரும் ஆண்டுகளில் உயிரோடு இருக்கும் வாய்ப்பும் கூடுவது தெரிந்தது.

இதை அவசரப்பட்டுத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பாட்டியை வேகமாக நடக்கவைத்தால் ஆயுள் கூடிவிடும் என்று அர்த்தம் இல்லை. இதயம், நுரையீரல், தசை, நரம்பு எல்லாம் நன்றாக இருக்கும் உடம்பு இயல்பாகவே வேகமாக நடக்கிறது. வேகம் என்பது தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சலைக் காட்டும், காய்ச்சலைக் குணமாக்காது.

கீழே விழுவதும் சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

சாலை என்றதும் இன்னொரு கணக்கு. பாதசாரி சிக்னல் எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதை, மனிதர்கள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற அனுமானத்தில் பல நாடுகள் தீர்மானிக்கின்றன. 12 மீட்டர் அகலச் சாலைக்கு 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு தாத்தாவுக்கு அதே சாலையைக் கடக்க 15 நொடி வேண்டும். பச்சை அணையும்போது அவருக்கு இன்னும் 4 மீட்டர் பாக்கி இருக்கும். அமெரிக்காவில் 2009-ல் இந்த அனுமானத்தை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது, மெதுவாக நடப்பவர்களையும் மனதில் வைத்துத்தான்.

வீட்டு ஹாலில் ஒரு டெஸ்ட்

இதற்கு லேப் வேண்டாம். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு முன்னால் ஒரு மீட்டர், கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டர் காலி இடம் இருக்கட்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் குறையும் என்பதால்தான் இது. 'கடைக்குப் போற மாதிரி சாதாரணமா நடங்கம்மா' என்று சொல்லுங்கள். 'டெஸ்ட்' என்று சொன்னால் வேண்டுமென்றே வேகமாக நடப்பார்கள். முதல் கோட்டைக் கால் தாண்டும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். இரண்டு முறை செய்து, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வேகம்.

4 நொடி என்றால் நொடிக்கு 1 மீட்டர். 5 நொடி என்றால் 0.8 மீட்டர். வயதானவர்களின் தசை இழப்பை ஆராயும் ஆசிய மருத்துவர் குழு, 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பியக் குழு 0.8 என்கிறது. பெரியவர்கள் 5 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த எண்ணைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு டெஸ்ட்டும் உண்டு. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்காரச் சொல்லுங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், வீடியோ எடுக்கிறேன் என்று தூரமாகப் போய்விடாதீர்கள்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு எதுவுமே வேண்டாம். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் நடந்த ஓர் ஆய்வில், பேச ஆரம்பித்ததுமே 12 பேர் நடையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதற்கான அறிகுறி அது.

எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் குறைந்தாலே அது கணிசமான மாற்றம்தான்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

திடீரென்று ஒரு பக்கம் கால் இழுத்தாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்கவே கூடாது. பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே 108.

மெதுவாக வரும் மாற்றங்களில் சில முக்கியமானவை. நடக்கும்போது ஒரு கை மட்டும் ஆடாமல் உடம்போடு ஒட்டியிருப்பது, எட்டு குட்டியாகிக்கொண்டே போவது, திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவது ஆகியவை பார்கின்சன் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகி, நடந்தால் மறுபடி பிடிப்பது கால் ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டலாம். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால், இடுப்பைத் தாங்கும் தசையோ மூட்டோ பலவீனமாக இருக்கலாம்.

நம் ஊர் டாக்டர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. 'செருப்பு கழன்டு விழுதா? விழுறது உங்களுக்குத் தெரியுதா?' விழுவது தெரிந்தும் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் தசை பலவீனம். விழுந்ததே தெரியாமல் நடந்துபோய்விட்டால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தடுமாறுகிறதா என்பதும் அதே மாதிரி கேள்விதான். கால் சொல்லாத தகவலைக் கண் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியதும் அதுவும் போய்விட்டது.

குழந்தைகள் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்குவார்கள். தளர்நடையில் கால்களை அகட்டி, கையை உயர்த்தித் தள்ளாடுவது இயல்பு. பெரியவர்களைப் போன்ற முதிர்ந்த நடை வர 7 வயதுகூட ஆகலாம். ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றாலோ, 3 வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ, நன்றாக நடந்த குழந்தை அடிக்கடி விழ ஆரம்பித்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, நம்ம நடை?

பெரியவர்களைப் பற்றியே பேசிவிட்டோம். நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் 26 பேரை வைத்து நடத்திய ஆய்வில், போனில் படித்தபடியும் டைப் செய்தபடியும் நடந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், நேர்கோட்டிலிருந்து விலகினார்கள், தலையையும் உடம்பையும் ஒரே கட்டையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதாவது, மெசேஜ் டைப் பண்ணும் இரண்டு நிமிடத்துக்கு நம் நடை தள்ளாடும் வயதை ஒரு எட்டு எட்டிப்பார்த்துவிட்டு வருகிறது. நம் ஊர் நடைபாதையில் திறந்து கிடக்கும் பள்ளங்களையும், ஏறிவரும் பைக்குகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடையைப் பலப்படுத்த ஜிம் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், உந்தித் தள்ளும் கெண்டைக்காலுக்கு இது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஒரு கை வாஷ்பேசினில் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வழுக்கும் மிதியடியை எடுத்துவிட்டு, பாத்ரூமில் கைப்பிடி வைத்து, தேய்ந்துபோன செருப்பை மாற்றிக்கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு 5 நிமிடம் ஒதுக்குங்கள். ஹாலில் 4 மீட்டர் கோடு போட்டு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று வரிசையாக நடக்கவிட்டு, எண்களைத் தேதியோடு போனில் சேமித்துவையுங்கள். இன்றைக்கு அது வெறும் எண்தான். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு தெரியும்.